ஓ.டி.பி யாருக்கும் சொல்லல, அப்புறம் பணம் எப்படி போச்சு?

வாசகி கேட்டது:

நாங்க திருச்சி பொன்மலை. எங்க மாமாவுக்கு (மாமனார்) 71 வயசு, ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் போனுக்கு ஒரு மெசேஜ். லைஃப் சர்ட்டிபிகேட் (பென்ஷன் வாங்குறவர் உயிரோட இருக்காருன்னு வருஷாவருஷம் குடுக்குற சான்று) நிராகரிக்கப்பட்டது, இன்னிக்கு ராத்திரிக்குள்ள கே.ஒய்.சி (பேங்க்ல குடுக்குற அடையாள, முகவரி விவரம்) அப்டேட் பண்ணலன்னா பென்ஷன் அக்கவுண்ட் முடக்கப்படும்னு போட்டு கீழ ஒரு லிங்க். அமுக்கினாராம், பேங்க் மாதிரியே ஒரு ஆப் இறங்குச்சாம், அதுல விவரமெல்லாம் நிரப்பினாராம். 6.41க்கு 49,500, 6.48க்கு 49,500 போயிருக்கு. பயந்துபோய் ஏ.டி.எம் கார்டு பின்னாடி இருந்த நம்பருக்கு 7.05க்கு போன் பண்ணி பணம் போகுதுன்னு சொல்லியிருக்காரு, கார்டை பிளாக் பண்ணிட்டோம்னு சொல்லி 7.12க்கு கம்ப்ளைன்ட் நம்பர் மெசேஜ் வந்துருக்கு. அப்புறமும் 7.34க்கு 38,000 போயிருக்கு. எங்க யார்கிட்டயும் சொல்லல. ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் அத்தைகிட்ட சொல்லி அழுதாரு, உடனே நான் சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு கூப்பிட்டேன். பிராஞ்சுல கேட்டா "நீங்களே ஓ.டி.பி குடுத்துருப்பீங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ங்கறாங்க. சத்தியமா யாருக்கும் சொல்லலங்கறாரு. பேங்க்ல உள்ள யாரோதான் விவரம் குடுத்துருக்காங்கன்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு. பணம் வருமா? இனிமே இந்த மெசேஜையெல்லாம் எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்:

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேம்மா, ரெண்டாவது தடவைதான் நீங்க போற போக்குல எழுதிவச்ச அந்த நேரக்கணக்கு மண்டைல ஏறுச்சு, அதுல உங்களுக்கு 38,000 ரூபா இருக்கு. அதுக்கு வரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு, அந்த போன் இப்ப எங்க இருக்கு? இன்னமும் அதே சிம்மோட, அதே வைஃபைல மாமா தலைமாட்டுலதான் கிடக்குதுன்னா முதல்ல சிம்மைக் கழட்டி வீட்டுல பழைய பட்டன் போன் ஏதாவது இருந்தா அதுல போடுங்க. மீதியை அப்புறம் படிங்க.

ஏன்னு சொல்றேன். மாமா ஓ.டி.பி சொல்லலங்கறது நூத்துக்கு நூறு உண்மையா இருக்கும், நான் நம்புறேன். அவர் இறக்குனது பேங்க் ஆப் இல்ல, ஏ.பி.கே ஃபைல், அதாவது பிளே ஸ்டோர் வழியா வராம நேரா போன்ல உக்கார்ற ஆப். அது இறங்கும்போது போனே ஒரு தடவை எச்சரிக்கும், தெரியாத இடத்துலருந்து வருது, அனுமதிக்கவான்னு. மாமா அலவ் குடுத்துருப்பாரு. அடுத்து "இந்த ஆப் உங்க எஸ்.எம்.எஸ்-ஐ படிக்கலாமா"ன்னு கேட்டுருக்கும், அதுக்கும் அலவ். அவ்வளவுதான் விஷயம். அதுக்கப்புறம் ஸ்கிரீன்ல கேட்ட கார்டு நம்பர், பிறந்த தேதி, பான், பின் எல்லாம் அவன்கிட்ட போயிருச்சு, அதை வச்சு அவன் எங்கயோ உக்காந்து நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மாத்துறான், பேங்க் ஓ.டி.பி அனுப்புது, அது மாமா போனுக்குத்தான் வருது, வந்த அதே செகண்ட் அந்த ஆப் அதை எடுத்து அவனுக்கு அனுப்பிருது. தபால்காரர் லெட்டரை கரெக்டா உங்க வீட்டு பெட்டிலதான் போடுறாரு, ஆனா பெட்டிக்குள்ள ஒருத்தன் உக்காந்துக்கிட்டு பிரிச்சுப் படிக்கிறான். மாமா வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்ல.

இதுல இன்னொரு கேடு, இந்த மாதிரி ஆப்ல பலது இன்ஸ்டால் ஆன உடனே தன்னோட ஐகானை மறைச்சுக்கும். "நான் தேடிப் பாத்தேன், அந்த ஆப்பைக் காணோம், அழிஞ்சிருச்சு போல"ன்னு நிறைய பேர் நிம்மதியா இருந்துருவாங்க. அழியல, உள்ளதான் இருக்கும். அதனால போட்டோவை மட்டும் வேற எங்கயாவது எடுத்து வச்சுக்கிட்டு போனை ஃபேக்டரி ரீசெட் (எல்லாத்தையும் அழிச்சு புது போன் மாதிரி ஆக்குறது) அடிச்சுருங்க, வேற குறுக்கு வழி பாக்க வேண்டாம். ரீசெட்டுக்கு முன்னாடி அந்த மெசேஜ், லிங்க், மூணு டெபிட் மெசேஜ், 7.12 மெசேஜ் எல்லாத்தையும் இன்னொரு போனால போட்டோ எடுத்துருங்க, இல்லன்னா சாட்சியும் சேந்து போயிரும், போலீஸ்ல போனையே கேட்டாங்கன்னா அவங்க பாத்த பிறகு ரீசெட் பண்ணுங்க, அதுவரைக்கும் ஆஃப் பண்ணி வைங்க. பாஸ்வேர்டு, யு.பி.ஐ பின் மாத்துறது எல்லாம் வேற போன்லருந்து. மாமா வாட்ஸப்புல லிங்க்டு டிவைஸ்ல, அதாவது அவர் வாட்ஸப்பை வேற எந்தக் கருவில திறந்து வச்சிருக்குன்னு காட்டுற இடத்துல, தெரியாதது ஏதாவது இருக்கான்னும் பாருங்க, இவனுங்க ஆள் மாட்டினா அவர் பேர்லயே அவர் குரூப்புக்கும் அதே ஃபைலை அனுப்பி விடுவானுங்க. ரிட்டயர்டு ரயில்வே குரூப்னா கேக்கவே வேணாம், எல்லாருக்கும் பென்ஷன், எல்லாருக்கும் நவம்பர்.

நவம்பர்னு சொன்னதும் உங்க வீட்டுக்காரர் சந்தேகத்துக்கு வரேன். பேங்க்ல இருந்து விவரம் கசியவே கசியாதுன்னு நான் சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டேன், 33 வருஷம் கவுண்டர்லயும் கேபின்லயும் உக்காந்தவன், தெரியும். ஆனா இதுக்கு கசிவே தேவையில்ல. சென்ட்ரல் பென்ஷன் வாங்குறவங்க எல்லாரும் நவம்பர் 1லருந்து 30க்குள்ள லைஃப் சர்ட்டிபிகேட் குடுக்கணும், 80 வயசு தாண்டினவங்களுக்கு அக்டோபர் 1லருந்தே வாங்குவாங்க, இது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். அவன் பாட்டுக்கு ஆயிரக்கணக்கான நம்பருக்கு ஒரே மெசேஜைத் தட்டி விடுறான், பென்ஷன் இல்லாதவன் சிரிச்சுட்டு அழிச்சுருவான், மாமா மாதிரி ரெண்டு வாரம் முன்னாடிதான் பிராஞ்சுல விரல் வச்சுட்டு வந்தவருக்கு "அய்யோ, ரேகை சரியா விழல போல"ன்னு தோணிரும். மெசேஜுக்கு அவரைத் தெரியாது, அவருக்குத்தான் மெசேஜ் பொருந்திப்போச்சு. ஈ.பி பில்லு கட்டல, இன்னிக்கு ராத்திரி 9.30க்கு கரண்ட் கட்டுன்னு ஒண்ணு வந்துச்சே, அதுவும் இதே வலைதான், கட்ட மறந்தவன் வீட்டுல போய் விழும்.

எனக்கே நடந்துருக்கு, சொல்றதுல என்ன வெக்கம். பொண்ணு புனேலருந்து பார்சல் போட்டிருந்தா, அன்னிக்குனு பாத்து "முகவரி முழுமையா இல்ல, அப்டேட் பண்ணுங்க"ன்னு ஒரு மெசேஜ். லிங்க் உள்ள போயி தெரு பேரு, பின்கோடு எல்லாம் அடிச்சுட்டேன், மறுபடி டெலிவரி பண்ண 25 ரூபா கட்டணும், கார்டு நம்பர் போடுன்னு கேட்டப்பதான் குக்கர் விசில் வந்து வீட்டுக்காரம்மா அடுப்பை ஆஃப் பண்ணச் சொன்னாங்க. எந்திரிச்சுப் போய்ட்டு திரும்பி வந்து பாத்தா அந்தப் பக்கத்தோட அட்ரஸ் கண்றாவியா இருக்கு. விசில் வரலன்னா நானும் போட்டிருப்பேன்.

சரி, பணம். இங்க கொஞ்சம் நிதானமா படிங்க.

2017 ஜூலை 6ம் தேதி ரிசர்வ் பேங்க் ஒரு சர்க்குலர் போட்டுச்சு, வாடிக்கையாளருக்குத் தெரியாம எலக்ட்ரானிக் முறையில பணம் போனா யார் தலைல எவ்வளவு விழும்னு. தப்பு பேங்க் பக்கம்னா முழுசும் பேங்க் குடுக்கணும். தப்பு பேங்க்லயும் இல்ல வாடிக்கையாளர்கிட்டயும் இல்ல, நடுவுல வேற எங்கயோன்னா மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்ல, நாலுலருந்து ஏழு வேலை நாளுக்குள்ளன்னா சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபா வரைக்கும் நம்ம தலைல. வாடிக்கையாளரோட கவனக்குறைவுன்னா? பிராஞ்சுல உங்களை அனுப்பி வச்சது இதைச் சொல்லித்தான், ஆனா பாதிதான் சொல்லியிருக்காங்க. கவனக்குறைவா இருந்தாலும் பேங்க்ல தெரிவிக்கிற வரைக்கும் போன பணம்தான் வாடிக்கையாளர் நஷ்டம், தெரிவிச்ச நிமிஷத்துக்கு அப்புறம் போறது பேங்க்கோட நஷ்டம். அதே சர்க்குலர்ல இருக்கு.

இப்ப உங்க நேரக்கணக்கைப் பாருங்க. 7.05க்கு போன், 7.12க்கு கம்ப்ளைன்ட் நம்பர், 7.34க்கு 38,000. மாமா சொல்லி 29 நிமிஷம் கழிச்சு போன பணம். அது ஏன் போச்சுன்னா கால் சென்டர்ல அந்தப் புள்ள கார்டை மட்டும் பிளாக் பண்ணிருக்கு, பணம் கார்டு வழியா போகல, நெட் பேங்கிங் வழியா போகுது. வாசக்கதவைப் பூட்டிட்டு கொல்லைக் கதவைத் திறந்து போட்டுட்டாங்க. "அவர் கார்டு பிளாக் பண்ணத்தானே கேட்டாரு"ன்னு இப்ப சொல்லிப் பாப்பாங்க. அந்த கால் ரெக்கார்ட் ஆகியிருக்கும், மாமா பணம் போகுதுன்னு சொல்லியிருக்காரு, ரெக்கார்டிங்கைக் குடுங்கன்னு எழுத்துல கேளுங்க. கார்டு பின்னாடி இருந்த நம்பருக்குக் கூப்பிட்டாரு பாருங்க, அந்தப் பதட்டத்துலயும் அதுதான் அவர் பண்ணின பெரிய காரியம். கூகுள்ல தேடி கஸ்டமர் கேர்னு போலி நம்பருக்கு போன் பண்ணி, அவன் சொன்னான்னு நம்ம போன் ஸ்கிரீனை அவனுக்குக் காட்டுற ஸ்கிரீன் ஷேர் ஆப்பை ஏத்தி மிச்சத்தையும் விட்டவங்களை நான் பாத்துருக்கேன்.

முதல் 99,000? அது கஷ்டம்தான், இனிப்பா சொல்ல எனக்குத் தெரியல. அவரே ஆப்பை ஏத்தி விவரம் போட்டதை கவனக்குறைவுன்னுதான் பேங்க் சொல்லும். ஆனா வாடிக்கையாளர் மேலதான் தப்புன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பேங்க்குக்குன்னு அந்த சர்க்குலரே சொல்லுது, அதனால வாய்மொழியா "நீங்களே குடுத்துருப்பீங்க"ன்னு சொன்னா கேட்டுக்கிட்டு வந்துராதீங்க. பென்ஷன் அக்கவுண்ட்டுல மாசம் ஆறாயிரம், எட்டாயிரம் எடுக்குற மனுஷன், அன்னிக்கு திடீர்னு பாஸ்வேர்டு மாறி, புது பெனிஃபிஷியரி (பணம் அனுப்புறதுக்கான புது அக்கவுண்ட்டு) சேந்து, ஏழு நிமிஷத்துல ரெண்டு 49,500 போகுது, இது உங்க சிஸ்டத்துக்கு வித்தியாசமாத் தெரியலையான்னு அதையும் லெட்டர்ல கேளுங்க.

புகார் குடுத்த பத்து வேலை நாளுக்குள்ள அந்தத் தொகையை தற்காலிகமா அக்கவுண்ட்டுல வரவு வைக்கணும், 90 நாளுக்குள்ள முடிவு சொல்லணும், இதுவும் அங்கயே இருக்கு. லெட்டர் குடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்ல, இல்ல பதில் திருப்தி இல்லன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனுக்குப் (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற அதிகாரி) போகலாம், ஆன்லைன்லயே போடலாம், காசு கிடையாது, வக்கீலும் வேண்டாம். வக்கீல் வேணும்னு சொல்லி 15,000 கேக்குற ஆளு இந்த நேரம் பாத்துக் கரெக்டா வருவான், பணத்தை மீட்டுத் தரோம்னு சொல்ற "ரெக்கவரி ஏஜென்ட்"டும் வருவான், அவனும் அதே கூட்டம்தான்.

1930க்கு நீங்க ஞாயித்துக்கிழமை கூப்பிட்டது நல்லது, வெள்ளிக்கிழமை 6.50க்கே கூப்பிட்டிருந்தா இன்னும் நல்லது. அந்த நம்பர் என்ன பண்ணுதுன்னா, பணம் போய்ச் சேந்த பேங்க்குக்கு உடனே தகவல் அனுப்பி அங்க மிச்சம் இருக்குறதை ஹோல்ட் போட வைக்கும். அவன் பணத்தை ஒரே அக்கவுண்ட்டுல வச்சுருக்க மாட்டான், ஏதோ ஒரு கூலிக்காரப் பையன் பேர்ல கமிஷனுக்கு வாங்கின அக்கவுண்ட்டு, அங்கருந்து நாலு அக்கவுண்ட்டு, அங்கருந்து ஏ.டி.எம், மணிக்கணக்குலகூட இல்ல, நிமிஷக்கணக்குல ஓடிரும். எவ்வளவு ஹோல்ட் ஆச்சுன்னு உங்க புகார் நம்பரை வச்சு சைபர் கிரைம் போர்ட்டல்ல பாக்கலாம், அந்த ஹோல்ட் ஆன பணம் போலீஸ், கோர்ட் நடைமுறை வழியாத்தான் கைக்கு வரும், உடனே வராது. அலைய வேண்டியிருக்கும்.

அடுத்து, எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டீங்க. இது உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும்.

பேங்க் மெசேஜ் பத்து இலக்க மொபைல் நம்பர்லருந்து வராது. ரெண்டு எழுத்து, ஒரு கோடு, பேங்க் பேரோட சுருக்கம்னு வரும், 2025 மே மாசத்துலருந்து கடைசில இன்னொரு கோடு போட்டு ஒரு எழுத்தும் சேத்துருக்காங்க, பி-ன்னா விளம்பரம், எஸ்-ன்னா சேவை, டி-ன்னா பரிவர்த்தனை, ஜி-ன்னா கவர்மென்ட். நீங்க அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டுல என்ன இருக்கு, சாதா மொபைல் நம்பர். அப்படி வந்தாலே குப்பை. ஆனா தலைகீழா நினைச்சுராதீங்க, தலைப்பு சரியா இருந்தா மெசேஜும் சரின்னு அர்த்தம் இல்ல. 2021 டிசம்பர்ல சிங்கப்பூர்ல ஓ.சி.பி.சி பேங்க் பேர்லயே போலி மெசேஜ் விட்டானுங்க, அது போன்ல பேங்க்கோட நிஜ மெசேஜ் வர்ற அதே வரிசைக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு, கிட்டத்தட்ட 790 பேரு, 1.37 கோடி சிங்கப்பூர் டாலர் போச்சு. படிக்காதவங்களா அங்க? கடைசில பேங்க்தான் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் குடுத்துச்சு.

லிங்க்னா, நம்ம பேங்க் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள்ள தங்களோட வெப்சைட்டை "டாட் பேங்க் டாட் இன்"னு (.bank.in) முடியற அட்ரஸுக்கு மாத்தணும்னு ரிசர்வ் பேங்க் கெடு வச்சது. அட்ரஸ்ல https:// போக அடுத்து முதல் சாய்வுக்கோடு (/) எங்க வருதோ அதுக்கு ஒட்டி இடது பக்கம் பாருங்க, அங்க டாட் பேங்க் டாட் இன்னு முடியணும். பேங்க் பேரு முன்னாடி கொட்டை எழுத்துல இருந்தா அது ஒண்ணுக்கும் ஆகாது, யார் வேணா போட்டுக்கலாம். மாமாவுக்கு வந்த லிங்க்ல அப்படித்தான் இருக்கு, முன்னாடி பேங்க் பேரு, பின்னாடி வாயில நுழையாத ஏதோ ஒண்ணு.

அப்புறம் அந்த அவசரம், "இன்னிக்கு ராத்திரிக்குள்ள". கே.ஒய்.சி ஒண்ணும் தயிர் இல்ல ராத்திரிக்குள்ள புளிச்சுப்போக. ரிஸ்க் கம்மின்னு வகைப்படுத்தின வாடிக்கையாளருக்கு பத்து வருஷத்துக்கு ஒருதடவைதான் புதுப்பிக்கணும், பென்ஷன்காரங்க பெரும்பாலும் அந்த வகைதான். அதுக்கும் கெடுவுக்கு முன்னாடி குறைஞ்சது மூணு தடவை சொல்லணும், அதுல ஒண்ணாவது தபால்ல லெட்டரா வரணும்னு 2025 ஜூன்ல ரிசர்வ் பேங்க் சொல்லிருக்கு. லைஃப் சர்ட்டிபிகேட்டே குடுக்கலன்னு வச்சுக்குங்க, பென்ஷன் நிக்கும், குடுத்த பிறகு அரியரோட வந்துரும், பணம் எங்கயும் போகாது.

இன்னொரு மெசேஜ் இப்ப சுத்துது, "உங்க அக்கவுண்ட்டுல 10,000 வரவு"ன்னு பேங்க் மாதிரியே அடிச்சு அனுப்பிட்டு, அஞ்சு நிமிஷத்துல போன் பண்ணி "சார் ஆஸ்பத்திரி செலவுக்கு அனுப்புனேன், நம்பர் மாறிருச்சு, திருப்பி அனுப்புங்க"ன்னு அழுவான். நல்ல மனுஷங்கதான் இதுல மாட்டுறாங்க. மெசேஜை நம்பாம பேலன்ஸைப் பாருங்க, வரவே வந்துருக்காது. நிஜமாவே வந்துருந்தாலும் நீங்க அனுப்பாதீங்க, உன் பேங்க்ல போய்ச் சொல்லு, அவங்க எங்க பேங்க்கைக் கேக்கட்டும்னு சொல்லிருங்க.

ஆனா 71 வயசு மனுஷனை சாயங்கால வெளிச்சத்துல கண்ணாடி தேடி எடுத்துப் போட்டு கோடு எங்க இருக்கு, எழுத்து எங்க இருக்குன்னு பாக்கச் சொன்னா நடக்காது. அவருக்கு ஒண்ணே ஒண்ணு போதும். மெசேஜ் உண்மையா பொய்யான்னு அவர் கண்டுபிடிக்கவே வேண்டாம். உண்மையாவே இருக்கட்டும், அதுல இருக்குற லிங்க், நம்பர், ஆப் எதையும் தொடக் கூடாது, அவ்வளவுதான். மெசேஜை மூடிட்டு, தனக்குப் பழக்கமான வழில போய்க் கேக்கணும், கார்டு பின்னாடி நம்பர், இல்லன்னா பிராஞ்சு, அதுவும் இல்லன்னா நீங்க. மெசேஜ் நிஜம்னா அந்த வழிலயும் அதே பதில்தான் வரும், ஒரு நாள் லேட்டாகும். என் பழைய கஸ்டமர் ஒருத்தர், மளிகைக்கடைக்காரர், எந்த மெசேஜ் வந்தாலும் "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மேனேஜரைப் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டு மூடிருவாரு, அந்த மேனேஜரா நான் எரிச்சல்பட்டுருக்கேன், ஆனா அவர்கிட்டருந்து ஒரு பைசா எவனும் எடுத்ததில்ல.

அக்கவுண்ட்டையும் கொஞ்சம் மாத்தி வைங்க. பென்ஷன் வர்ற அக்கவுண்ட்டுல யு.பி.ஐ வேண்டாம், நெட் பேங்கிங் அவசியம்னா பாக்க மட்டும் முடியற மாதிரி வைக்கலாம், சில பேங்க்ல அந்த வசதி இருக்கு, கேளுங்க. செலவுக்கு இன்னொரு சின்ன அக்கவுண்ட்டு, அதுல அஞ்சோ பத்தாயிரமோ, யு.பி.ஐ அதுல ஓடட்டும். கார்டுல ஆன்லைன், வெளிநாட்டு உபயோகம் ரெண்டையும் ஆஃப் பண்ணிருங்க. எஃப்.டி ஏதாவது இருந்தா இன்னிக்கே போய்ப் பாருங்க, நெட் பேங்கிங் கைக்குப் போனா சேவிங்ஸ்ல இருக்குறதோட நிக்க மாட்டான், எஃப்.டியையும் ஆன்லைன்லயே உடைச்சு எடுத்துருவான். இதை நிறைய பேரு யோசிக்கிறதே இல்ல.

கடைசியா மாமா. வெள்ளிக்கிழமை ராத்திரிலருந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவர் ஏன் வாயே திறக்கலன்னு உங்களுக்கே தெரியும், இந்த வயசுல ஏன் உனக்கு இந்த போனுன்னு யாராவது கேட்டுருவாங்களோன்னு. அந்த ரெண்டு நாள்தான் 99,000ல எவ்வளவையோ எடுத்துக்கிட்டுப் போச்சு. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, அந்தக் கேள்வியை இப்பவும் கேக்க வேண்டாம், இனிமேயும் வேண்டாம். அடுத்த தடவை ஏதாவது ஒண்ணுன்னா ஏழாவது நிமிஷம் அவர் உங்களைக் கூப்பிடணும், அதுக்கு அவருக்கு தைரியம் வேணும்.

நாளைக்கு பிராஞ்சுக்குப் போகும்போது அவரையும் கூட்டிட்டுப் போங்க, லெட்டரை நீங்க டைப் பண்ணாதீங்க, அவரையே எழுதச் சொல்லுங்க. ஒர்க்‌ஷாப்ல அத்தனை வருஷம் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் எழுதின கை, 6.41, 6.48, 7.05, 7.12, 7.34ன்னு வரிசையா அவரே எழுதுவாரு. 38,000க்குத் தனி பாரா, சர்க்குலர் தேதி போட்டு. ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல சீல், தேதி, கையெழுத்து வாங்காம சேரை விட்டு எந்திரிக்காதீங்க, மேனேஜர் மீட்டிங்ல இருக்காருன்னாலும் சரி.